இண்டக்ஷன் அடுப்பு போர்டு: பட்டன் ஸ்விட்சில் மீட்டர் பீப் அடிக்கிறது, ஆனால் பட்டன் வேலை செய்யவில்லை

புதுமீட்டர்:

வணக்கம். பட்டன் வகை இண்டக்ஷன் அடுப்பு, 1800 வாட், டச் பேனல் இல்லாதது. பால் பொங்கி வழிந்த பிறகு இரண்டு கோளாறு. கூட்டும் பட்டனை (+) நன்றாக நசுக்கினால்தான் வாட் ஏறுகிறது. மெனு பட்டன், யாரும் தொடாமலே அமுங்கிய மாதிரி சமையலுக்கு நடுவில் மோடை மாற்றிவிடுகிறது. மெனு பட்டனுக்கு மேலே பேனல் ஸ்டிக்கரில் ஒரு விரிசல் இருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பார்த்தேன். கண்ட்ரோல் போர்டில் 6 சின்னச் சதுர ஸ்விட்ச்கள், ஒவ்வொன்றுக்கும் 4 கால். கையில் இருப்பது மஞ்சள் நிற 830 வகை மல்டிமீட்டர். கண்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் ரேஞ்ச்) வைத்துப் பார்த்தால் மெனு பட்டன் அழுத்தாமலே பீப் அடிக்கிறது. ஆனால் நன்றாக வேலை செய்யும் ஆன்/ஆஃப் பட்டனும் அப்படியேதான் அடிக்கிறது! + பட்டனில் வேறு 2 கால்களை வைத்துப் பார்த்தேன், அழுத்தினால் பீப், விட்டால் இல்லை. அப்படியென்றால் அது நல்ல ஸ்விட்ச்தானே?

எந்த 2 கால்களில் முனைகளை வைக்க வேண்டும்? போர்டிலிருந்து கழற்றாமலே டெஸ்ட் பண்ணலாமா? எத்தனை ஓம் காட்டினால் நல்லது?

ஈயக்கம்பி:

முதலில் மீட்டரை 1000 வோல்ட் டி.சி.க்கு மாற்றுங்கள். பெரிய போர்டில் பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்கு (ஏ.சி.யை டி.சி.யாக்கும் பாகம்) பக்கத்தில் செவ்வகமாக ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும், பெரும்பாலும் 5 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்கும். 230 வோல்ட் ஏ.சி.யை ரெக்டிஃபை செய்தால் உச்சம் சுமார் 325 வோல்ட், அது அங்கேதான் நிற்கும். பிளக்கைப் பிடுங்கியதும் தானாக வடிந்துவிட வேண்டும். ஆனால் வடியவைக்கும் ரெசிஸ்டர் போயிருந்தால் வடியாது. 10 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அதன் கால்களில் ஒரு நொடி வையுங்கள், போதும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் பண்ண வேண்டாம்.

இன்னொன்று. இந்த அடுப்புகளில் கண்ட்ரோல் போர்டின் 5 வோல்ட் சப்ளை மெயினிலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது. பட்டனின் காலே லைவ், அதாவது தொட்டால் மெயின் ஷாக் அடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பிளக் மாட்டிய நிலையில் பட்டனில் மீட்டர் வைக்கவே கூடாது. சப்ளை கொடுத்துப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், கண்ட்ரோல் போர்டை முழுதாகக் கழற்றித் தனியே எடுத்து, கனெக்டரில் 5 வோல்ட் என்று எழுதியிருக்கும் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் வெளியிலிருந்து 5 வோல்ட் கொடுத்து மேசையில் பாருங்கள். உங்கள் இரண்டு கோளாறுக்கும் அது தேவைப்படாது, சப்ளை இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது கால் விஷயம். இது டேக்ட் ஸ்விட்ச், 6க்கு 6 மில்லிமீட்டர். கால் நான்கு இருந்தாலும் உள்ளே தொடர்பு இரண்டுதான். சால்டர் பக்கம் திருப்பினால் 4 புள்ளிகளும் ஒரு செவ்வகமாகத் தெரியும்: நீளப் பக்கம் 6.5 மில்லிமீட்டர், குட்டைப் பக்கம் 4.5. நீளப் பக்கத்தில் எதிரெதிரே இருக்கும் 2 கால்களும் உள்ளே ஒரே தகடு. அழுத்தினாலும் விட்டாலும் பீப் வரும். ஆன்/ஆஃப் பட்டனிலும் மெனுவிலும் நீங்கள் வைத்தது அந்த ஜோடியில்தான். குட்டைப் பக்கத்து 2 கால்களுக்கு நடுவில்தான் ஸ்விட்ச் இருக்கிறது. இதையெல்லாம் நினைவு வைக்கவே வேண்டாம், மூலைக்கு மூலை குறுக்காக வையுங்கள். போர்டு எப்படித் திரும்பியிருந்தாலும் குறுக்கு ஜோடி எப்போதும் ஸ்விட்சின் இரு பக்கம்தான்.

அடுத்து, பீப்பை நம்பாதீர்கள். இந்த விலை மீட்டர்களில் பெரும்பாலும் 30 முதல் 70 ஓமுக்குக் கீழே எது வந்தாலும் பஸர் அடிக்கும், மீட்டருக்கு மீட்டர் வேறுபடும். உங்கள் மீட்டரின் எல்லை தெரிய வேண்டுமானால் 33 ஓம், 100 ஓம் ரெசிஸ்டர்களை வைத்துப் பாருங்கள். புது டேக்ட் ஸ்விட்சின் கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் டேட்டாஷீட் கணக்கு. 40 ஓம் காட்டும் ஸ்விட்சும் பீப் அடிக்கலாம், 0.1 ஓம் ஸ்விட்சும் அதே பீப்தான் அடிக்கும்.

ஆகவே 200 ஓம் ரேஞ்சில் வையுங்கள். முதலில் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து வயரின் ரெசிஸ்டன்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள், 0.3, 0.5 என்று ஏதாவது காட்டும். பட்டனை அழுத்தும்போது வரும் அளவிலிருந்து அதைக் கழியுங்கள். மிச்சம் 1 ஓமுக்குள் இருந்து, ஆடாமல் நின்றால் நல்ல ஸ்விட்ச். ஆடுவதுதான் முக்கியமான அறிகுறி. க்ளிக் வரும் அளவுக்கு மட்டும் மெதுவாக அழுத்தி ஒரு அளவு, பிறகு நன்றாக அழுத்தி ஒரு அளவு எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மெதுவாக அழுத்தினால் 60, நசுக்கினால் 5 என்று வந்தால் உள்ளே இருக்கும் குமிழ்த் தகட்டில் கறுப்பு படிந்துவிட்டது. வெள்ளி முலாம் ஈரமும் அழுக்கும் பட்டால் அப்படித்தான் ஆகும். ஒரு தடவை அழுத்திப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொன்றையும் 10 தடவையாவது அழுத்துங்கள்.

சால்டர் பக்கம் முனைகளைப் பிடித்தால் முன்பக்கம் பட்டனை அழுத்தக் கை இருக்காது. மேசையில் ஒரு ரப்பர் அழிப்பானை வைத்து, பட்டன் அதன் மேல் உட்காரும்படி போர்டைக் கவிழ்த்து வையுங்கள். இரண்டு முனைகளாலும் கால்களைத் தொட்டபடியே லேசாகக் கீழே தள்ளினால் பட்டன் அமுங்கும். மெதுவாக. பழுப்பு நிற ஒற்றைப் பக்க போர்டு வளைந்தால் டிராக் (போர்டில் ஓடும் செம்புக் கோடு) வெடிக்கும்.

ஓம்விதி:

ஈயக்கம்பி அண்ணன் சொன்னது + பட்டனுக்குப் போதும். மெனு பட்டன் கதை வேறு. அங்கே கேள்வி, அழுத்தும்போது எத்தனை ஓம் என்பதல்ல, அழுத்தாதபோது எத்தனை ஓம் என்பது. இந்தப் பாதி டெஸ்டைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

கண்ட்ரோலர் ஐ.சி.யின் (பட்டன்களைப் படிக்கும் சிப்) ஒரு காலை ஒரு புல்-அப் ரெசிஸ்டர் 5 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கும். பட்டன் அமுங்கினால் அது கிரவுண்டுக்கு இறங்கும். பெரும்பாலான ஐ.சி.க்கள் சப்ளையில் 30 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 1.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் ‘அழுத்திவிட்டார்கள்’ என்று எடுத்துக்கொள்ளும். ஸ்விட்சுக்குள்ளோ அடியிலோ ஈரமும் உப்பும் புகுந்தால் அது ஒரு ரெசிஸ்டர் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். புல்-அப் 10 கிலோ ஓம் என்றால், கசிவு சுமார் 4.3 கிலோவுக்கு இறங்கினால்தான் 1.5 வோல்ட் வரும். புல்-அப் 47 கிலோ என்றால் 20 கிலோ கசிவே போதும். கண்டினியூட்டி பஸருக்கு இது எதுவும் தெரியாது, 20 கிலோ ஓமுக்கு அது வாய் திறக்காது.

அதனால் மீட்டரை 200 கே ரேஞ்சில் வைத்து, எந்தப் பட்டனையும் அழுத்தாமல், 6 பட்டன்களிலும் குறுக்காக அளந்து எழுதுங்கள். போர்டிலேயே இருக்கும்போது அளப்பதால் ‘திறந்த’ அளவு வராது. புல்-அப்பும் மற்ற பாகங்களும் சேர்ந்து ஏதோ ஒரு எண் வரும். எண் என்ன என்பதைவிட, ஒரே மாதிரி வயரிங் உள்ள பட்டன்கள் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் கீழே இறங்கியிருந்தால் அதில் கசிவு.

அளக்கும்போது இரண்டு உலோக முனைகளிலும் விரல் படக்கூடாது, உங்கள் உடம்பும் ஒரு ரெசிஸ்டர்தான். பட்டனுக்குக் குறுக்கே 104 என்று எழுதிய சின்ன கெப்பாசிட்டர் இருந்தால் எண் முதலில் ஏறும், நின்ற பிறகு எழுதுங்கள். முனைகளை மாற்றி வைத்தால் எண் பெரிதாக மாறுகிறதா? அப்போது வழியில் ஒரு டயோடோ ஐ.சி.யோ இருக்கிறது. டிஸ்ப்ளேயும் பட்டன்களும் ஒரே லைன்களைப் பகிர்ந்துகொள்ளும் போர்டுகளில் இது சகஜம். அந்த மாதிரி போர்டில் டயோடு ரேஞ்சில் ஒரு திசையில் 500 முதல் 700 வரை காட்டினால் அது கோளாறு அல்ல, டயோடு. கறுப்பு, சிவப்பு முனைகளை எல்லாப் பட்டன்களிலும் ஒரே பக்கமாக வைத்து ஒப்பிடுங்கள்.

புதுமீட்டர்:

இருவருக்கும் நன்றி. கெப்பாசிட்டரில் 2 வோல்ட்தான் இருந்தது. மூலைக்கு மூலை வைத்து எடுத்த அளவுகள், முனைகளைச் சேர்த்தால் 0.4:

அழுத்தும்போது, 200 ஓம் ரேஞ்ச்: ஆன்/ஆஃப் 0.6, மைனஸ் 0.6, டைமர் 0.7, லாக் 0.6, மெனு 0.9. + பட்டன் மெதுவாக அழுத்தினால் 35க்கும் 80க்கும் நடுவே ஆடுகிறது, சில தடவை இடது ஓரத்தில் வெறும் 1 (ரேஞ்சைத் தாண்டிவிட்டது), நசுக்கினால் 6.

அழுத்தாதபோது, 200 கே ரேஞ்ச்: ஐந்து பட்டன்களில் 24.0 அல்லது அதற்கு ஒட்டி. மெனுவில் மட்டும் 6.4. முனைகளை மாற்றினாலும் அதே. பட்டன்களுக்குப் பக்கத்தில் 223 என்று எழுதிய சின்ன ரெசிஸ்டர்கள் 6 இருக்கின்றன. கெப்பாசிட்டர் எதுவும் தெரியவில்லை.

ஓம்விதி:

நல்ல அளவீடு. 223 என்றால் 22 கிலோ ஓம், அதுதான் புல்-அப். மற்ற ஐந்தும் 24 காட்டுவது அதனால்தான், மிச்சம் 2 கிலோ 5 வோல்ட் லைனிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் வழி.

மெனுவில் 24க்கு இணையாக ஏதோ ஒன்று உட்கார்ந்து மொத்தத்தை 6.4 ஆக்கியிருக்கிறது. 6.4ஐயும் 24ஐயும் பெருக்கி, அவற்றின் வித்தியாசமான 17.6ஆல் வகுத்தால் சுமார் 8.7 கிலோ. அதுதான் கசிவு. இதை 22 கிலோ புல்-அப்போடு சேர்த்தால் லைனில் நிற்கும் வோல்டேஜ்: 5ஐ 8.7ஆல் பெருக்கி 30.7ஆல் வகுக்க, 1.4 வோல்ட். 1.5 வோல்ட் எல்லைக்குச் சற்றுக் கீழே. மெனு எப்போதும் அமுங்கியே இல்லாமல் அவ்வப்போது தானாக மாறுவது ஏன் என்பதற்கு இதுவே விடை. அடுப்பு சூடேறி ஈரம் காய்ந்தால் கசிவு குறைந்து லைன் மேலே போகும், நீராவி பட்டால் கீழே இறங்கும், எல்லையைத் தாண்டித் தாண்டி வரும்.

ஆனால் இந்த 8.7 கிலோ ஸ்விட்சுக்குள் இருக்கிறதா, ஸ்விட்சுக்கு அடியில் போர்டு மேல் இருக்கிறதா என்பது கழற்றாமல் தெரியாது. மெனு ஸ்விட்சை முழுதாகக் கழற்றுங்கள். பிறகு இரண்டு இடத்தில் அளங்கள்: தனியாக ஸ்விட்ச், தனியாக அது இருந்த பேடுகள் (கால்களைச் சால்டர் செய்யும் செம்பு வட்டங்கள்). பால் வழிந்த போர்டில் நான் முதலில் சந்தேகப்படுவது போர்டைத்தான்.

+ ஸ்விட்ச் மாற்ற வேண்டியது. அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சர்வீஸ்மேசை:

கழற்றும் முன் சில விஷயம் சொல்லிவிடுகிறேன், பேட் பிய்ந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

இந்தப் பழுப்பு போர்டில் செம்பு ஒரே பக்கம்தான், துளைக்குள் உலோகம் இல்லை. சூடு அதிகமானால் பேட் கையோடு வந்துவிடும். சால்டரிங் அயர்ன் 330 முதல் 350 டிகிரி, ஒரு காலுக்கு 3 நொடிக்கு மேல் வேண்டாம். முதலில் பழைய ஈயத்தின் மேலேயே கொஞ்சம் புது 60/40 ஈயம் வையுங்கள். பழையது சீக்கிரம் உருகும். பிறகு ஈயம் உறிஞ்சும் பம்ப்பால் அல்லது செம்புப் பின்னலால் உறிஞ்சுங்கள். டேக்ட் ஸ்விட்ச் கால்கள் நேராக இருக்காது, போர்டில் கவ்விப் பிடிக்க வளைத்திருப்பார்கள். ஈயம் போன பிறகும் வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், ட்வீசரால் காலை நேராக்கிவிட்டு எடுங்கள். மெனு ஸ்விட்சை அளக்க வேண்டும் என்பதால் இப்படி. + ஸ்விட்ச் எப்படியும் குப்பைக்குத்தான். அதை முன்பக்கமிருந்தே நிப்பரால் கால்களை வெட்டி, உடலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலாக உருக்கி எடுத்தால் பேடுக்குப் பாதுகாப்பு.

கழற்றியதும் சால்டர் பக்கத்தை உற்றுப் பாருங்கள். ஒற்றைப் பக்க போர்டில் டிராக்கை டிராக் தாண்ட முடியாதல்லவா, அதனால் டிசைன் செய்தவர்கள் ஸ்விட்சின் 6.5 மில்லிமீட்டர் ஜோடியையே ஜம்பர் வயராகப் பயன்படுத்தியிருப்பார்கள். கிரவுண்ட் லைன் ஒரு ஸ்விட்சின் ஒரு காலில் ஏறி, எதிர்க் காலில் இறங்கி, அடுத்த ஸ்விட்சுக்குப் போகும். ஆகவே ஸ்விட்சைக் கழற்றிய நிலையில் மற்ற பட்டன்களும் செத்த மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். 2 கால் ஸ்விட்சை அங்கே போட்டால்தான் நிஜமான தலைவலி: மாற்றிய பட்டன் வேலை செய்யும், பக்கத்துப் பட்டன்கள் போய்விடும். 4 கால் ஸ்விட்சே போடுங்கள்.

மேசையில் பேடுகளை அளக்கும்போதும் இதை மறக்கக்கூடாது. கிரவுண்ட் அறுந்த பேடில் வைத்தால் கசிவே இல்லாத மாதிரி காட்டும். 6.5 மில்லிமீட்டர் ஜோடியின் எதிரெதிர் பேடுகளை ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு அளங்கள்.

வாங்கும்போது உயரத்தைச் சொல்லி வாங்குங்கள். 6க்கு 6 என்பது அடிப்பகுதி அளவு மட்டும். போர்டிலிருந்து பட்டன் நுனி வரை 4.3, 5, 7, 9.5 மில்லிமீட்டர் என்று பல உயரம் உண்டு, வெளியில் பார்த்தால் சட்டென்று வேறுபாடு தெரியாது. அரை மில்லிமீட்டர் அதிகமானால் மூடியை மாட்டியதும் பட்டன் நிரந்தரமாக அமுங்கியிருக்கும், ஏனென்றால் இதன் மொத்த அசைவே கால் மில்லிமீட்டர்தான். பழையதை ஸ்கேலில் அளக்காதீர்கள், வெர்னியரில் அளங்கள். அல்லது ஸ்விட்சையே கடைக்குக் கொண்டுபோங்கள். சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பத்தாக வாங்கி, போடும் முன் 200 ஓமில் அளந்து, நல்லதைப் போடுங்கள். மலிவுச் சரக்கில் புதிதிலேயே ஆடும் ஸ்விட்ச் இருக்கும்.

புதுமீட்டர்:

ஓம்விதி சார் சொன்னதுதான் சரி. கழற்றிய மெனு ஸ்விட்ச் தனியாக, 2000 கே ரேஞ்சில் அழுத்தாமல் வெறும் 1, அழுத்தினால் வயர் போக 0.5 ஓம். பேடுகளை வயரால் இணைத்து அளந்தால் ஸ்விட்ச் இல்லாமலே 6.5 கிலோ. ஸ்விட்ச் இருந்த இடத்தில் பிசுபிசுப்பாக மஞ்சள் படலம்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன், 11 கிலோவுக்குத்தான் ஏறியது. பழைய மெனு ஸ்விட்சையே திரும்பப் போடலாமா? துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தால் + ஸ்விட்சும் பிழைக்குமா?

ஈயக்கம்பி:

ஆல்கஹால் ஃப்ளக்ஸை (சால்டர் செய்யும்போது படியும் பிசின்) கரைக்கும். பாலில் இருப்பது சர்க்கரையும் உப்பும் புரதமும், அதற்குத் தண்ணீர்தான் சரி. வெதுவெதுப்பான தண்ணீரில், முடிந்தால் டிஸ்டில்டு வாட்டரில், பழைய பல் பிரஷை நனைத்து அந்த இடத்தை மட்டும் தேயுங்கள். துளைகளுக்குள் குச்சியைச் சுழற்றி எடுங்கள், படலம் அங்கேதான் தங்கும். பஸரும் கனெக்டரும் நனையக்கூடாது. துடைத்துவிட்டு, அதன் பிறகு ஆல்கஹால். இப்போது அதன் வேலை தண்ணீரை விரட்டுவது. ஹேர் டிரையரில் மிதமான சூட்டில் காயவைத்து, ஆறிய பிறகு அளங்கள். ஈரமாக இருக்கும்போது எடுக்கும் அளவு செல்லாது. 24க்குத் திரும்பினால் முடிந்தது. திரும்பவில்லை என்றால் இரண்டு பேடுகளுக்கு நடுவில் போர்டு கருகியிருக்கிறதா பாருங்கள். கருகிய இடம் கரி, கழுவினால் போகாது, பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும்.

ஸ்ப்ரே வேண்டாம். எண்ணெய் கலந்த ஸ்ப்ரே அன்றைக்கு வேலை செய்யும். பிறகு தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு பழைய நிலைமைக்கே வரும், அதோடு அடுப்புக்குள் எண்ணெய்ப் படலமும் மிச்சம். மெனு ஸ்விட்ச் அளவில் நல்லதுதான், ஆனால் பால் பட்ட ஸ்விட்ச், கழற்றியும் விட்டீர்கள். சில ரூபாய்ப் பொருளுக்காக இன்னொரு தடவை அடுப்பைத் திறக்க வேண்டாம், இரண்டையும் புதிதாகப் போடுங்கள்.

புதுமீட்டர்:

தண்ணீரில் கழுவிக் காயவைத்ததும் 23.8. இரண்டும் புது ஸ்விட்ச், 5 மில்லிமீட்டர் உயரம். அழுத்தினால் வயர் போக 0.2 ஓம், மெதுவாகவோ பலமாகவோ ஒரே அளவு. அழுத்தாமல் 6 பட்டன்களிலும் 24ஐ ஒட்டியே காட்டுகிறது. பேனல் ஸ்டிக்கர் மட்டும் ஆர்டர் போட்டிருக்கிறேன், வர நாளாகும். அதுவரை விரிசல் மேல் செல்லோ டேப் ஒட்டிப் பயன்படுத்தலாமா? போர்டு மேல் வார்னிஷ் அடித்தால் நல்லதா?

சர்வீஸ்மேசை:

வார்னிஷ் அடிக்கலாம், ஆனால் சால்டர் பக்கம் மட்டும், மெல்லிய ஒரு பூச்சு. முன்பக்கம் அடித்தால் ஸ்விட்சின் ஓரம் வழியாக உள்ளே ஊறி, குமிழ்த் தகட்டின் மேல் படிந்து புது ஸ்விட்சையும் கெடுத்துவிடும். கனெக்டர் பின்களை டேப்பால் மூடிக்கொள்ளுங்கள்.

செல்லோ டேப்போடு அடுப்பைப் போடாதீர்கள். அடுப்புச் சூட்டில் அதன் பசை இளகிவிடும். மேலே ஈயக்கம்பி சொன்ன மாதிரி பட்டன் கால் மெயினோடு சேர்ந்தது. உங்கள் விரலுக்கும் லைவுக்கும் நடுவில் அந்த ஸ்டிக்கர் ஒன்றுதான் தடுப்பு, ஈரக் கையோடு தொடும் இடம் அது. புது ஸ்டிக்கர் வந்ததும் பழையதை ஹேர் டிரையரில் சூடாக்கி உரித்து, அடியில் பழைய பசையைச் சுத்தமாகத் துடைத்து, முழு ஓரமும் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். அதன் பிறகு பிளக்கை மாட்டுங்கள்.